கம்பிப் பசை: வலிமை மட்டும் போதுமா?

கேள்வி: பல்லில் கிளிப் ஒட்டும் பசையை எப்படிச் சோதிக்கிறார்கள்? அதிக வலிமை உள்ளதுதான் சிறந்த பசையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. சிகிச்சைக்காகப் பிடுங்கிய பல்லை அச்சில் பதித்து, எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கும் கிளிப்பை) ஒட்டி, 37 டிகிரி நீரில் ஒரு நாள் வைக்கிறார்கள். பிறகு உளி போன்ற ஒரு முனை பிராக்கெட்டின் விளிம்பை மெல்ல மெல்ல அழுத்தும். அது பெயரும் கணத்தில் இருந்த விசையை ஒட்டிய பரப்பால் வகுத்தால் பிடிப்பு வலிமை கிடைக்கும். 6 முதல் 8 மெகாபாஸ்கல் போதும் என்று 1975இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னதையே இன்றும் பலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். சிகிச்சை முடிந்ததும் பிராக்கெட்டைக் கழற்றியாக வேண்டுமே! பிடிப்பு மிஞ்சினால் எனாமலும் சேர்ந்து பெயரலாம். போன எனாமல் மீண்டும் வளராது. அதனால்தான் முறிவு எனாமலை ஒட்டி நடந்ததா என்று அறிய, பிராக்கெட் பெயர்ந்தபின் பல்லில் எவ்வளவு பசை தங்கியது என்பதற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறார்கள்.

ஆய்வகத்தில் எச்சிலும் மெல்லும் விசையும் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாயில் நேரும் வெப்பநிலை மாற்றத்தையாவது ஓரளவு பிரதிபலிக்கவே 5 டிகிரி, 55 டிகிரி நீரில் பல்லை மாறி மாறி முக்குகிறார்கள்; எச்சிலையும் மெல்லும் விசையையும் அது ஈடுகட்டாது. ஆகவே இந்த வலிமை எண்கள் பசைகளை ஒப்பிட மட்டுமே உதவும். இறுதித் தீர்ப்பை நோயாளியின் வாய்தான் சொல்லும். சிகிச்சை முடியும்வரை தாங்கி, பல்லுக்குச் சேதமின்றி விடைபெறுவதே நல்ல பசை.