முகிலுக்கு யார் மை பூசினார்?

பத்துமலை அடிவாரத்தில் பலரும் அண்ணாந்து பார்ப்பது 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை. நான் அதற்கும் மேலே முகிலைப் பார்ப்பவன். காலையில் சுண்ணாம்புக் குன்றின்மேல் வெண்பஞ்சாக நின்ற முகில், பிற்பகலில் கன்னங்கரேலென்று மாறுவதேன்?

முகில் என்பது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அவை ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே, எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகவே சிதறடிக்கின்றன. எல்லாம் கலந்தால் வெண்மைதானே! இடிமுகில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தடித்து வளரும்போது, ஒளியின் பெரும்பகுதி மேலேயும் பக்கங்களிலும் சிதறிப்போகிறது. அடியில் நிற்கும் நமக்குக் கொஞ்சமே எஞ்சுகிறது. அதே நேரத்தில், மேற்கு வெயிலை முதுகில் வாங்கியபடி கிள்ளானிலிருந்து பார்ப்பவருக்கு அதே முகில் வெள்ளை வெளேரென்று தெரியும். கடல்நீரைக் குடித்து மேகம் கறுத்தது என்று நம் புலவர்கள் பாடியதையும் பொய்யென ஒதுக்க முடியாது. நீர் மிகுந்து தடித்தால் கருமை கூடும்.

அந்தியில் கதிரொளி காற்றினூடே நெடுந்தொலைவு கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சிய சிவப்பே முகிலில் படிகிறது.

2015, 2019 ஆம் ஆண்டுகளில் நாம் கண்ட சாம்பல் வானம் வேறு. மழை வரும்போல் ஏமாற்றிய அது முகிலன்று. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகள், கரிமண் நிலங்களின் புகை. அதற்காகவே அந்த ஆண்டுகளில் பள்ளிகளை மூட நேர்ந்தது.