மருந்துக்கு மசியாத காசநோயா? ஆறு மாத மாத்திரைச் சிகிச்சைக்கு முழுமையான வழிகாட்டி

‘இது சாதாரண டி.பி. இல்லை, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.’ என்று டாக்டர் சொன்னதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. பத்து வருடங்களுக்கு முன்பு அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. சிகிச்சை இரண்டு வருடம் வரை நீளும். அதில் ஆறு மாதத்துக்கும் மேலாகத் தினமும் ஊசி. அந்த ஊசியாலேயே காது கேட்காமல் போனவர்கள் பலர். அத்தனையும் தாங்கிய பிறகும் குணமானவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

இன்று நிலைமை வேறு. நான்கு மருந்துகள், 26 வாரங்கள், ஊசியே கிடையாது. உரிய நேரத்தில் தொடங்கி ஒழுங்காக முடித்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். அந்தச் சிகிச்சையைத் தொடங்கப்போகிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும்தான் இந்த வழிகாட்டி. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் தீர்மானிப்பார். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

தொடங்கும் முன்: இந்த மருந்துகள் எப்படி வந்தன?

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் வந்த பிறகு சுமார் நாற்பது வருடங்களுக்குப் புதிய வகை மருந்து எதுவும் வரவில்லை. இது ஏழைகளின் நோய், லாபம் தராது என்ற கணக்குதான் அதற்கு முக்கியக் காரணம். பெல்ஜியத்தில் ஜான்சன் நிறுவனத்தில் கோன் ஆண்ட்ரீஸ் குழுவினர் கண்டறிந்த பெடாகுயிலின் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி.பி. அலையன்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு உருவாக்கிய பிரெட்டோமானிட் 2019-ல் அனுமதி பெற்றது. வேறு தொற்றுகளுக்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த லைன்ஸோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் இரண்டும் இவற்றோடு சேர்ந்தன. நான்கின் பெயர்களையும் சுருக்கி ‘பிபால்-எம்’ என்கிறார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் நாடுகளில் நடத்திய ஆய்வில் இந்தக் கூட்டு மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் 89 சதவீதத்தினர் குணமானார்கள். பழைய முறையில் 52 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதைப் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் இல்லாத மூன்று மருந்துக் கூட்டை இந்திய நோயாளிகளிடம் சோதித்த ஆய்வை வழிநடத்தியது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெடாகுயிலின் மீதான தன் ஏகபோகத்தை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. அதை எதிர்த்து மனுச் செய்தவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவும். இருவருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவருமே பழைய சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. நம் ஊர் நிறுவனங்களும் மலிவு விலையில் இதைத் தயாரிக்க வழி பிறந்தது அப்படித்தான். அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரை இலவசமாகக் கைக்கு வரும்போது, அதற்குப் பின்னால் இப்படியொரு போராட்டமும் இருக்கிறது என்பதை நோயாளி அறிந்திருப்பது நல்லது.

படி 1: எந்த மருந்துக்கு மசியவில்லை என்று கேளுங்கள்

‘ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது’ என்ற ஒற்றை வரி போதாது. சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதை ஓரிரு மணி நேரத்தில் சொல்லிவிடும். அடுத்து, மாக்ஸிஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் வேலை செய்யுமா என்பதும் தெரிய வேண்டும். அதற்கு எல்.பி.ஏ. என்ற பரிசோதனை இருக்கிறது. அந்த வகைக்கும் கிருமி மசியவில்லை என்றால் மாக்ஸிஃப்ளாக்ஸசினை விட்டுவிட்டு மற்ற மூன்று மருந்துகளைத் தருவார்கள். அந்தச் சிகிச்சை ஒன்பது மாதம் வரை நீளலாம்.

முடிவு சரியாக இருக்க வேண்டுமானால் சளி சரியாக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் இருக்கும் கிருமியும் தெரியாமல் போகும்.

படி 2: இந்தச் சிகிச்சை எல்லோருக்குமானது அல்ல

14 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், மூளையிலோ எலும்பிலோ காசநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வேறு கூட்டு மருந்துகள் இருக்கின்றன. எச்.ஐ.வி. இருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே சாப்பிடும் எச்.ஐ.வி. மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தால் அதை மாற்ற வேண்டும்.

சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு, இதயக் கோளாறு, மனச்சோர்வுக்கான மாத்திரை, குடிப்பழக்கம் என எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடிப்பதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் அதிகம். இந்தக் கூட்டில் கல்லீரலைச் சிரமப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. நீங்கள் மறைத்தாலும் கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடும், அதுவும் நோய் முற்றிய பிறகு.

மாத்திரையைத் தொடங்கும் முன் ஈ.சி.ஜி., ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் எடுத்திருக்க வேண்டும். இவை இல்லாமல் தொடங்கினால், பிறகு ஒரு மாற்றம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

படி 3: மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது?

பெடாகுயிலினை முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம் எடுக்க வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் மட்டும் 200 மில்லிகிராம். குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். காலண்டரில் திங்கள், புதன், வெள்ளி என்று வட்டமிட்டு வையுங்கள். பிரெட்டோமானிட் 200, லைன்ஸோலிட் 600, மாக்ஸிஃப்ளாக்ஸசின் 400 மில்லிகிராம் மூன்றும் தினமும் உண்டு.

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு எடுத்தால் பெடாகுயிலின் ஏறக்குறைய இரண்டு மடங்கு உடலில் சேர்கிறது. பழைய டி.பி. மாத்திரை வீட்டில் மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் ரிஃபாம்பிசினோடு சேர்ந்தால் பெடாகுயிலினின் அளவு ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும்.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல், இரும்புச்சத்து மாத்திரை இரண்டும் மாக்ஸிஃப்ளாக்ஸசினை உடலில் சேரவிடாது. இவை தேவைப்பட்டால் எத்தனை மணி நேர இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படி 4: பக்கவிளைவை முதல் நாளே சொல்லுங்கள்

மற்ற படிகளைவிட நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். இந்தச் சிகிச்சையின் பலம் லைன்ஸோலிட். அதன் தொந்தரவும் லைன்ஸோலிட்தான். 109 பேரிடம் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் ஆய்வில் தினமும் 1,200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 90 சதவீதத்தினர் குணமானார்கள். ஆனால் 81 சதவீதத்தினருக்கு நரம்பு பாதித்தது. அடுத்த ஆய்வில் அளவைப் பாதியாக்கி 600 மில்லிகிராம் கொடுத்தபோது நரம்புப் பாதிப்பு 24 சதவீதமாக இறங்கியது. குணமானவர்கள் அப்போதும் 91 சதவீதம். அளவைச் சரியாகக் குறைத்தால் பலன் குறையாமலே தொந்தரவு குறையும் என்பதற்கு இது சாட்சி. அந்த முடிவை எடுக்க டாக்டருக்கு நீங்கள் சொல்லும் தகவல் வேண்டும்.

நரம்பு: பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, விரல் மரத்துப்போவது, செருப்பு கழன்றாலும் தெரியாமல் போவது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் ‘இது சுகரால் வருவதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

கண்: பார்வை மங்குவது, சிவப்பு நிறம் வெளிறித் தெரிவது. இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் பார்வை மீளும், தாமதித்தால் மீளாமலும் போகலாம். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டர் எழுத்தைப் படித்துப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரத்தம்: படியேறினால் மூச்சு வாங்குவது, வெளிறிப்போவது, அசதி. நோயின் களைப்பு என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதில் பலன் இல்லை. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை லைன்ஸோலிட் தடுப்பதால் வருவது இது. ரத்தப் பரிசோதனைதான் வழி.

இதயம்: பெடாகுயிலினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும், ஒரு துடிப்புக்குப் பிறகு இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை நீட்டுகின்றன. ஈ.சி.ஜி.யில் அதைத்தான் அளக்கிறார்கள். படபடப்பு, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி பேதியால் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து கூடும். அந்த நேரத்தில் மருந்துக்கடையில் வாங்கும் ஆண்டன்செட்ரான், டோம்பெரிடோன், அசித்ரோமைசின் ஆகியவையும் இதயத்தை அதே விதமாகப் பாதிப்பவை. ஜலதோஷ மாத்திரைகள் சில லைன்ஸோலிட்டோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். இந்த ஆறு மாதம் கடையில் கேட்டு மருந்து வாங்கும் பழக்கத்தை முழுவதுமாக விட்டுவிடுங்கள்.

கல்லீரல்: கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது.

படி 5: நடுவில் நிறுத்தாதீர்கள்

இரண்டாவது மாதத்தில் இருமல் நிற்கும், காய்ச்சல் போகும், பசி எடுக்கும். வேலைக்குப் போகத் தோன்றும். அப்போதுதான் பலர் மாத்திரையை விடுகிறார்கள்.

பெடாகுயிலின் உடலின் திசுக்களில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும் மருந்து. அதன் அளவு பாதியாகவே ஐந்து மாதத்துக்கும் மேல் ஆகும். மற்ற மூன்றும் சில நாட்களில் போய்விடும். எல்லா மாத்திரையையும் நீங்கள் நிறுத்திவிட்டால், பல மாதங்களுக்குப் பெடாகுயிலின் மட்டும் தனியாக, குறைந்த அளவில் கிருமியோடு கிடக்கும். ஒற்றை மருந்தை வெல்லக் கற்றுக்கொள்ள காசநோய்க் கிருமிக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அப்படிக் கற்றுக்கொண்ட கிருமி உங்கள் வீட்டில் இன்னொருவருக்குத் தொற்றினால், அவருக்கும் இந்த மருந்து கேட்காது.

தொந்தரவு தருகிறது என்று ஒரு மாத்திரையை மட்டும் நீங்களாகவே ஒதுக்குவதும் இதே ஆபத்துதான். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாமல் காசநோய்ப் பணியாளரிடம் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தாலும் முன்பே சொன்னால் போகும் ஊரில் மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்வார்கள்.

படி 6: சாப்பாடும் மருந்துதான்

ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு பெருமளவு குறைந்திருந்தது. குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் வருவதும் கணிசமாகக் குறைந்தது. விலை உயர்ந்த சத்துமாவு டப்பா தேவையில்லை. முட்டை, பருப்பு, சுண்டல், கடலை, மீன், வயிறு நிறையச் சோறு போதும். அரசின் நிக்ஷய் போஷண் ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

படி 7: வீட்டிலேயே இருக்கலாமா?

இருக்கலாம். இதற்கான விடையை உலகுக்குச் சொன்னதே சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீடுகள் நெருக்கடியானவை, சாப்பாடும் குறைவு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதும் அதிகமாகவில்லை. அவர்கள் சாதாரணக் காசநோய் நோயாளிகள்தான். ஆனால் சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறையும் என்பது மருந்துக்கு மசியாத காசநோய்க்கும் பொருந்தும்.

சளியில் கிருமி இல்லை என்று தெரியும்வரை முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், தனியே படுங்கள். தட்டையும் டம்ளரையும் ஒதுக்க வேண்டியதில்லை. இது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் பரவாது. வீட்டில் எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் வராமல் தடுக்க லீவோஃப்ளாக்ஸசின் மாத்திரையை ஆறு மாதம் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் வீட்டாருக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

படி 8: முடிந்த பிறகு

சிகிச்சைக் காலத்தில் மாதந்தோறும் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். இருமல் இல்லை, சளியே வரவில்லை என்று அந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். நோய் போய்விட்டதா என்பதை உறுதி செய்வது அந்த முடிவுதான், உங்கள் உடல் தெம்பு அல்ல.

கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் வரை பரிசோதனைக்குப் போங்கள். கால் எரிச்சல் மெதுவாகத்தான் குறையும். குறையவில்லை என்றால் அதற்கும் மருத்துவம் உண்டு. சந்தேகம் எதுவானாலும் 1800-11-6666 என்ற அரசின் கட்டணமில்லாக் காசநோய் உதவி எண்ணில் கேளுங்கள். பரிசோதனை, மருந்து எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம்.