சிங்கப்பூரில் அரசாங்கம் ஒதுங்கி நின்றதாம்!

கல்யாணப் பந்தியிலும் சரி, வாட்ஸ்அப்பிலும் சரி, இந்தப் பேச்சு என்னை விட்டபாடில்லை: "சிங்கப்பூரைப் பாருங்க சார், அரசாங்கம் ஒதுங்கிக்கிச்சு, நாடு முன்னேறிடுச்சு." சொல்பவர் பெரும்பாலும் சுற்றுலா போய்வந்தவர். அவர் இறங்கிய சாங்கி விமான நிலையத்தை நடத்தும் நிறுவனம் சிங்கப்பூர் நிதியமைச்சுக்குச் சொந்தம். திரும்பிவந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பாதிக்கு மேற்பட்ட பங்கு டெமாசெக் கையில் இருக்கிறது. அந்த டெமாசெக், 1974இல் அரசாங்கமே தொடங்கிய முதலீட்டு நிறுவனம். இதற்குப் பெயர் ஒதுங்கி நிற்பதா?

நிலத்துக்கு வருவோம். 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. 1973இல் அதைத் திருத்தி, இழப்பீட்டுக்கு அந்த ஆண்டு நவம்பர் மாத விலையையே உச்சவரம்பாக வைத்தார்கள். அதன்பின் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் பல ஆண்டுகளுக்கு நிலக்காரருக்குப் பழைய விலைதான். இன்று அந்தத் தீவில் சுமார் 90 விழுக்காடு நிலம் அரசின் வசம். குடியிருப்பவர்களில் முக்கால்வாசிக்கும் மேலானோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அந்த வீடும் 99 ஆண்டுக் குத்தகைதான். நம் ஊரில் எந்தக் கட்சியாவது இதில் கால்வாசியைச் செய்யப் பார்த்தால், சிங்கப்பூர் புகழ் பாடும் இதே நண்பர்தான் முதலில் வழக்குப் போடுவார்.

"ஆனால் அங்கே அரசுச் செலவு குறைவு, வரியும் குறைவு" என்பார்கள். புள்ளிவிவரத்தைப் பாதியில் நிறுத்திப் படிக்கும் பழக்கம் இது. செலவு உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது உண்மை. ஆனால் 55 வயது வரை தொழிலாளி சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளி பங்காக 17 விழுக்காடும் மத்திய சேமநிதிக்குக் கட்டாயமாகப் போகிறது. (வேலை அனுமதிச் சீட்டில் போன நம் பிள்ளைகளுக்கு இது கிடையாது, அதனால்தான் ஊருக்கு இந்தச் செய்தி வந்து சேர்வதில்லை போலும்.) முதுமைக்கும் மருத்துவத்துக்கும் வீட்டுத் தவணைக்கும் அந்தப் பணம்தான். வேறு நாடு இதையே வரியாக வாங்கிச் செலவழித்தால் அரசு வீங்கிவிட்டது என்று எழுதுவார்கள். வரி குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்ஜெட் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அரசு முதலீடுகளின் வருவாயே ஈடுகட்டுகிறது. அரசு பெரும் முதலாளியாக இருப்பதால் வரி குறைவு என்பதே கதை.

அப்படியானால் ஹெரிடேஜ் அறக்கட்டளையின் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியலில் சிங்கப்பூர் முதலிடம் பிடிப்பது எப்படி? அந்த மதிப்பெண் ஒரே கேள்விக்கான விடை அல்ல. நீதிமன்றம், சொத்துரிமை, நாணயத்தின் நிலைத்தன்மை, வணிகம், தொழில் தொடங்கும் எளிமை, இவற்றோடு அரசுச் செலவும் ஒரு பத்தி. டென்மார்க்கில் அரசுச் செலவு உற்பத்தியில் பாதியை ஒட்டியது. செலவுப் பத்தியில் மோசமான மதிப்பெண் வாங்கிவிட்டு, மற்றவற்றில் அள்ளி, அதே பட்டியலின் மேல்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. சுதந்திரம் வேறு, அரசின் பருமன் வேறு. இந்த ஒன்றை என் வகுப்பில் ஆண்டுதோறும் கத்திச் சொல்கிறேன்.

1991ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரசைச் சுருக்கியதால் இந்தியா வளர்ந்தது என்பார்கள். அந்த ஜூலையில் ஒழிந்தது தொழில் உரிம முறை. 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு டெல்லியில் போய் நிற்க வேண்டியதில்லை என்றானது. மத்திய, மாநில அரசுகளின் மொத்தச் செலவோ அன்றும் இன்றும் உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல்தான்.

வரியை வெட்டினால் வளம் கொட்டும் என்பவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். 2019 டிசம்பரில் அங்கே 'வற்' எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 15லிருந்து 8 விழுக்காடாக இறங்கியது. வருவாய் சரிந்தது. பெருந்தொற்றும் இரசாயன உரத்துக்கு விதித்த தடையும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் வற் 18 விழுக்காடு ஆனது.

அரசு செலவழித்தாலே வளம் வரும் என்னும் எதிர்த்தரப்பும் கொஞ்சம் அடங்க வேண்டும். சுவீடன் செலவழித்துப் பணக்கார நாடாகவில்லை. முதலில் சம்பாதித்தது, பிறகு செலவழித்தது, 1990களின் நெருக்கடியில் செலவைக் கணிசமாக வெட்டியது.

சிங்கப்பூரிடமிருந்து எதையாவது எடுக்கத்தான் வேண்டும் என்றால் நிலப் பாடத்தை எடுங்கள்: ஏறும் விலையின் பலன் ஊருக்கும் சேர வேண்டும். பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோ தூண் எழும்பினால் பக்கத்து மனை விலை ஏறும். தூணுக்குப் பணம் கட்டியது ஊர், லாபம் மனைக்காரருக்கு. நம் வழிகாட்டி மதிப்போ சந்தை விலையைத் துரத்திப் பிடிப்பதே இல்லை. 2017 ஜூனில் அதையும் 33 விழுக்காடு குறைத்தார்கள். ஏறிய விலையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நிலவரியாக வாங்கிக்கொண்டு, மனை கைமாறும்போது பிடிக்கும் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையைக் குறைக்கலாம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற வழக்கத்துக்கும் அப்போது பாதிக் காரணம் போய்விடும்.