ஒரு படிவம், பல பதிவேடுகள்

இணையவழிக் கணக்குத் தொடக்கப் படிவம் திரையில் ஒன்றே. சமர்ப்பித்ததும் அதன் விவரங்கள் பல அட்டவணைகளுக்குப் பிரிந்து செல்கின்றன. பெயரும் முகவரியும் வாடிக்கையாளர் அட்டவணையிலும், கணக்கின் வகையும் கிளையும் கணக்கு அட்டவணையிலும், நியமனதாரர் பெயர் நியமன அட்டவணையிலும் பதிவாகும். முதலில் வாடிக்கையாளர் எண் உருவாகும். ஏனைய பதிவுகள் அவ்வெண்ணைத் தாங்கியே அமையும். இடையில் ஒரு பதிவு தவறினாலும் அனைத்தும் நீக்கப்படும். பாதிக் கணக்கு என்பது கிடையாது.

பாலசமுத்திரம் போன்ற எல்லையோர ஊர்களில், ஓர் ஆவணத்தில் தந்தையின் முதலெழுத்தும் மற்றொன்றில் வீட்டுப்பெயரும் இருப்பதுண்டு. அதனால் ஒருவருக்கே இரு வாடிக்கையாளர் எண்கள் உருவாகிவிடக்கூடும்.

இதனினும் முக்கியமானது நியமனம். முகவரி வாடிக்கையாளர் எண்ணைச் சார்ந்தது. நியமனமோ ஒவ்வொரு கணக்கையும் சார்ந்தது. சேமிப்புக் கணக்கில் மனைவியை நியமித்தவர், பின்னர் கைபேசி வழியே நிரந்தர வைப்பு தொடங்கும்போது அக்கட்டத்தை வெறுமையாக விட்டால், அவ்வைப்புக்கு நியமனதாரர் இல்லை. அவர் காலமானால், மனைவி வாரிசுரிமையை நிறுவும் ஆவணங்களைத் தேடி அலைய நேரும்.

2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கொன்றுக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஒரே வேளையில் பலரை நியமிப்பின், அவர்தம் பங்குகளின் கூட்டுத்தொகை 100 விழுக்காடாக இருத்தல் வேண்டும்.