உயிர்வேதி வினைகளை அளக்கும் ஒருங்கிணைந்த ஒளி அலைவழிகாட்டிகள்: ‘தேய்புலம்’ என்னும் கலைச்சொல்லை முன்வைத்து

முன்னுரை

எதிர்ப்பொருள் தனக்குரிய ஆன்டிஜெனைப் பற்றும் வினையை, ஒளிரும் சாயம் எதனையும் ஏற்றாமல், அது நிகழும் பொழுதிலேயே அளக்கவல்ல கருவிகளுள் ஒன்று ஒருங்கிணைந்த ஒளி அலைவழிகாட்டி உணரி. இதனைத் தமிழில் விளக்குங்கால், கலைச்சொல் ஒன்று கருவியின் செயற்பாட்டையே திரித்துக் காட்டிவிடக்கூடும். அச்சொல்லை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலைவழிகாட்டியின் அமைப்பு

ஒளிவிலகல் எண் மிகுந்த மெல்லிய படலம், அவ்வெண் குறைந்த இரு ஊடகங்களுக்கிடையே அமையின், முழு அக எதிரொளிப்பால் ஒளி அப்படலத்தின் வழியே செல்லும். சிலிக்கா (ஏறத்தாழ 1.46) மீது சிலிக்கான் நைட்ரைடுப் படலமும் (ஏறத்தாழ 2.0), அதன்மேல் பாயும் நீர்க்கரைசலும் (1.33) பரவலாகக் கையாளப்படும் அமைப்பாகும். பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் மில்லர் 1969இல் முன்வைத்த ‘ஒருங்கிணைந்த ஒளியியல்’ தொலைத்தொடர்பையே நோக்கியது. 1980களில் சூரிச்சில் லுகோஸ், டீஃபென்தாலர் ஆகியோர் கீற்றணி பொறித்த அலைவழிகாட்டிகளை ஆராய்ந்தபோது, காற்றின் ஈரப்பதம் ஒளி உட்புகும் கோணத்தை மாற்றுவதைக் கண்டனர். தொலைத்தொடர்புக்கு இடையூறான அவ்வியல்பே உணரிக்கு வித்தாயிற்று.

படலத்துக்கு வெளியே நீளும் புலம்

ஒளி படலத்துள் முற்றிலும் அடைபடுவதில்லை. அதன் மின்புலத்தின் ஒரு பகுதி கரைசலுக்குள்ளும் நீள்கிறது; மேற்பரப்பிலிருந்து விலக விலக அடுக்குக்குறி முறையில் குறைந்து, சில நூறு நானோமீட்டர் தொலைவுக்குள் புறக்கணிக்கத்தக்க அளவினதாகிறது. எதிர்ப்பொருளின் அளவோ ஏறத்தாழ 10 நானோமீட்டர். எனவே மேற்பரப்பில் பற்றப்பட்ட மூலக்கூறு இப்புலத்துள் அமைகிறது. கரைசலின் ஆழத்தில் மிதப்பது அமைவதில்லை. புரதத்தின் ஒளிவிலகல் எண் நீரினும் மிகுதி. ஆதலால் அது நீரை விலக்கி மேற்பரப்பில் அமையும்போது ஒளியின் கட்டம் மாறுகிறது. மாக்–செந்தர் குறுக்கீட்டுமானியில் ஒளி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் இணைகிறது. பற்றும் மூலக்கூறு ஒரு கிளையில் மட்டுமே பூசப்பட்டிருப்பதால், இரு கிளைகளுக்கும் பொதுவான வெப்பநிலை மாற்றம் பெருமளவு நீங்கி, வினையால் எழுந்த கட்ட வேறுபாடே எஞ்சுகிறது.

சொல்லும் காலமும்

ஆங்கிலத்தில் ‘எவனெசென்ட்’ எனப்படும் இப்புலத்தை ‘மறையும் புலம்’ எனப் பெயர்ப்பின் இடர் உண்டு. ‘மறையும்’ என்பது காலங்காட்டும் பெயரெச்சம். புலம் சிறிது நேரத்தில் இல்லாதொழியும் என்றே பயில்வோர் கொள்வர். புலமோ ஒளி பாயும் வரை நிலைத்திருப்பது. அது குறைவது தொலைவால், நேரத்தால் அன்று.

இது வெறும் சொற்பூசலன்று. அளவீட்டு வரைகோடு ஆன்டிஜென் பற்றப்படும்போது உயர்கிறது. தாங்கல் கரைசலால் கழுவும்போது நேரத்தோடு சரிகிறது. அச்சரிவே பிணைப்பு விடுபடும் வீதத்தைத் தருவது. ‘மறையும் புலம்’ என்று கற்றவர், புலம் மங்கியதால் வரைகோடு சரிந்தது எனப் பிழைபடக் கொள்ள இடமுண்டு.

‘தேய்புலம்’ வினைத்தொகையாதலின் காலம் கரந்து நிற்கும். தேய்பிறை காலத்தேய்வைத்தானே குறிக்கிறது எனின், அங்குக் காலப்பொருள் நிலவின் இயல்பால் வருவது, தொகையால் வருவதன்று. ‘பரப்புப் புலம்’ என்பதும் பொருந்தாது. கரைசலின் உப்புச் செறிவு மாறினும் இப்புலம் அதனை உணர்கிறது. எதுவும் பற்றப்படாமலேயே வரைகோடு உயர்கிறது.