தரம் பார்ப்பவருக்கும் துணை வேண்டும்: சாத்தூர் பக்கத்துக்கான 10 குறிப்புகள்

தீப்பெட்டி ஆபீஸோ, பயர் ஆபீஸோ (பட்டாசு ஆலை), சேவுக் கம்பெனியோ, சாத்தூர் வட்டாரத்தில் தரம் பார்க்கிறவர் பெரும்பாலும் ஒற்றை ஆள். சரக்கு நன்றாகப் போனால் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஒரு லாட் திரும்பி வந்தால் முதலாளி முதலில் கூப்பிடுவது அவரைத்தான். சந்தேகம் கேட்கலாம் என்றால், அந்த வேலை தெரிந்த இன்னொருவர் அந்தக் காம்பவுண்டுக்குள் இருக்க மாட்டார். வெளியே இருக்கிறார்கள். அவர்களை எங்கே தேடுவது, என்ன பேசுவது, எங்கே போய்ப் படிப்பது என்பதற்குச் சில குறிப்புகள்.

1. பக்கத்து ஆபீஸிலிருந்து தொடங்குங்கள். பெரிய சங்கம், பெரிய மாநாடு எல்லாம் பிறகு. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி மூன்றிலும் உங்கள் வேலையையே பார்க்கிற ஒவ்வொருவரின் போன் நம்பர் முதலில் உங்களிடம் இருக்கட்டும். போட்டிக் கம்பெனி ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். இந்தத் தொழிலே வெளியே போய்க் கற்றுக்கொண்டு வந்ததுதான். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்று, ஊர் திரும்பி 1923-இல் தொழில் தொடங்கினார்கள். அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததால்தான் இங்கே இத்தனை ஆபீஸ்கள் வந்தன.

2. குறையைப் பேசுங்கள், மருந்து அளவைப் பேசாதீர்கள். ஐப்பசி மழையில் குச்சியின் தலை உதிர்கிறது என்று வையுங்கள். பசை சரியாக வேகவில்லையா, குச்சியிலேயே ஈரம் இருந்ததா, காயப்போட்ட இடத்தில் காற்று ஓடவில்லையா என்று நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் மூன்று நாள் உற்பத்தி போய்விடும். அதே குச்சி வியாபாரியிடம் சரக்கு எடுக்கிற இன்னொரு ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்கள். அங்கும் உதிர்ந்தால் குச்சியைச் சந்தேகப்படலாம். அங்கே நன்றாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பசையிலோ காயவைப்பதிலோதான். இதைக் கேட்க யாருடைய மருந்து விகிதமும் தேவையில்லை. விகிதம் முதலாளியின் சொத்து, அதை வெளியே சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இந்தக் கோட்டை முதல் பேச்சிலேயே இரண்டு பேரும் போட்டுக்கொண்டால், பிறகு எதையும் தயக்கமில்லாமல் கேட்கலாம்.

3. தராசை ஒப்பிட்டுப் பாருங்கள். முத்திரை போட்ட ஒரே எடைக்கல் செட்டைப் பக்கத்து ஆபீஸ்கள் இரண்டு மூன்றுக்குச் சுற்றி அனுப்பி, அவரவர் தராசில் வைத்து வந்த எடையைத் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தராசு நழுவுகிறது என்பது உடனே தெரியும். முறையான அளவுத்திருத்தத்துக்கு இது ஈடாகாது. ஆனால் இரண்டு அளவுத்திருத்தங்களுக்கு நடுவில் வரும் தவறு இதில் சிக்கும். ஆட்களையும் இப்படியே ஒப்பிடலாம்: ஒரே பண்டலை இரண்டு ஆபீஸ் செக்கிங் ஆட்கள் தனித்தனியாகப் பார்த்து, எத்தனை பெட்டியைக் கழித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆள் கழிப்பதை அவர்கள் ஆள் விட்டுவிடுகிறார் என்றால், எது குறை என்பதையே இரு இடத்திலும் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

4. தொழில் மாறுகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கும், பட்டாசிலிருந்து தீப்பெட்டிக்கும் ஆட்கள் போவதும் வருவதும் இங்கே சகஜம். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்து இருக்கும், அதற்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. பட்டாசில் அந்த இரண்டையும் சேர்ப்பதற்கே தடை. லேசான உரசலிலும் பற்றிக்கொள்ளும் கலவை அது. தீப்பெட்டியில் பல வருட அனுபவம் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி மருந்து அறைக்குள் போகக் கூடாது. அங்கே ஏற்கெனவே இருக்கிற போர்மேனிடம் உட்கார்ந்து பாடம் கேளுங்கள். அவருக்கு உங்களைவிட வயது குறைவாக இருந்தாலும் கேளுங்கள்.

5. விபத்து நடந்த வாரமே கூடிப் பேசுங்கள். பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் 30-க்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்து சோதனை போடுகிறார்கள், சில நாள் எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறோம், சீசன் நெருங்கியதும் பழையபடி ஆகிவிடுகிறது. இது மாற வேண்டும் என்றால் அக்கம்பக்கத்துப் போர்மேன்களும் தரம் பார்ப்பவர்களும் தாங்களாகவே உட்கார வேண்டும். யார் மீது தப்பு என்று பேசாதீர்கள். நம் ஆபீஸில் மிச்ச மருந்து சாயங்காலம் எங்கே போகிறது? அலுமினியத் தூள் மூட்டையில் ஈரம் படாமல் யார் பார்க்கிறார்கள்? அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் அறையில் ஆள் நிற்கிறாரா? இதை ஒவ்வொருவரும் தம் இடத்தைப் பற்றிச் சொல்லட்டும். ‘லேசாகப் புகைந்தது, அணைத்துவிட்டோம்’ என்று வெளியே வராமல் போன சம்பவங்களை முக்கியமாகக் கேளுங்கள். அடுத்த விபத்துக்கான காரணம் பெரும்பாலும் அவற்றுக்குள்தான் இருக்கும். தரம் என்பதைப் பெட்டிக்குள் இருக்கிற சரக்கோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறவர் இந்த வட்டாரத்தில் பாதி வேலையைத்தான் செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

6. சிவகாசிக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். மத்திய வெடிபொருள் துறையான பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் அங்கே இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்புத் துறையின் பயிற்சி மையமும் அங்கேதான். மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியிலும் பட்டாசு ஆய்வு நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டபோது, அனுபவசாலிகளும் புதியவர்களும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் புதிய கலவையை முதலிலிருந்து படிக்க வேண்டி வந்தது. இப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் மாணவர்களாகும்போது பழக்கம் பிடிப்பது சுலபம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு சேர்ந்து சாப்பிடப் போங்கள்.

7. தர நிர்ணயத்தை இலவசமாகவே படிக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்து இந்தியத் தர நிர்ணயங்களை இறக்கிக்கொள்ளலாம். மதுரையில் கிளை அலுவலகம் இருக்கிறது. அங்கே ‘மானக் மந்தன்’ என்ற பெயரில் கலந்துரையாடல் வைப்பார்கள். புதிய வரைவுகளைச் சுற்றுக்கு விடும்போது கருத்து எழுதி அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு. உங்கள் ஆபீஸில் நடக்காத ஒரு சோதனை முறையை வரைவில் பார்த்தால், ஏன் நடக்காது என்று காரணத்தோடு எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்களின் கருத்து மட்டும்தான் போய்ச் சேரும்.

8. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் அக்காக்களை வைத்து ஒரு தர வட்டம் தொடங்குங்கள். ஜப்பானில் 1962-இல் இஷிகாவா பரப்பிய முறை இது. இந்தியாவில் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தில் தொடங்கி வளர்ந்தது. 1982-இல் இந்தியத் தர வட்ட மன்றம் உருவானது. ஆறு முதல் பத்துப் பேர், வாரம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பிரச்சினை. எந்தக் கட்டில் கோணல் குச்சி அதிகம் என்பதைக் கையால் தொட்டே சொல்கிறவர்கள் அவர்கள், இதுவரை அவர்களை யாரும் கேட்டதில்லை. அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது, இதை முதலாளியிடம் முதலிலேயே பேசி வாங்கிவிடுங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு மணி நேரம் என்பது பணம். நல்ல தீர்வு கிடைத்தால் மன்றத்தின் போட்டிக்கு அவர்களையே மேடையேற்றுங்கள்.

9. சேவுக் கடைக்காரர்களும் விலக்கல்ல. பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதை அளக்கும் மீட்டர் ஒன்றை நான்கு கடைகள் சேர்ந்து வாங்கினால் செலவு தாங்கும்.

10. சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன் விசாரியுங்கள். ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்றிதழ் தருவதில்லை. தருவது தனி நிறுவனங்கள். அந்த நிறுவனத்துக்கு என்ஏபிசிபி போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலைக்கே வராமல் ஒரு வாரத்தில் தருகிறோம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் சொந்தப் படிப்புக்கு, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனப் பிரிவுகளின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள். அமெரிக்கத் தரச் சங்கமான ஏஎஸ்க்யூ தரும் தரப் பொறியாளர் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு மத்திய அரசின் ‘செட்’ (ZED) தரச் சான்றிதழ் எடுப்பதானால் குறுந்தொழிலுக்குக் கட்டணத்தில் 80 சதவீதமும் சிறுதொழிலுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. முதல் படியான வெண்கலத்துக்கு விண்ணப்பிக்கும் முன், ஏற்கெனவே வாங்கிய ஆபீஸ் ஒன்றுக்குப் போய் அவர்கள் கொடுத்த காகிதங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.