அறுந்த இழைகளையும் கணக்கில் எழுது

அன்புள்ள கயல்விழிக்கு,

சிலிக்கான் கார்பைடு இழைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. தயாரிப்பாளரின் தாளில் 3 கிகாபாஸ்கல் என்று இருக்கிறது, உனக்கோ ஒரு இழை 1.8, அடுத்தது 3.6 என்று வருகிறது, கருவியில் கோளாறா என்று கேட்டிருந்தாய். கருவியைச் சந்தேகிக்காதே. செராமிக் இழையின் குணமே அதுதான்.

உலோகக் கம்பியில் கீறல் இருந்தால் அந்த இடம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்துத் தப்பிக்கும். செராமிக் நெகிழாது. இழைக்குள் ஒரு நுண்துளையோ மேற்பரப்பில் ஒரு குழியோ, ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவில் இருந்தாலே போதும். இருப்பவற்றில் மோசமானது எதுவோ, அங்கே அறும். கண்ணாடி இழை மெலிய மெலிய வலிமை கூடுவதை கிரிஃபித் 1920இலேயே காட்டிவிட்டார். நீளத்துக்கும் இதே நியாயம்தான். இழை நீண்டால் அதில் பெரிய குறை அகப்படும் வாய்ப்பும் கூடும். வலிமை எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் எண்ணான வைபுல் மாட்யூலஸ் 5 என்று வைத்துக்கொள்: நீளத்தைப் பத்து மடங்காக்கினால் சராசரி வலிமை 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதனால் யாராவது வலிமை இவ்வளவு என்று சொன்னால், எந்த நீளத்தில் என்று முதலில் கேள். நீளம் சொல்லாத எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை.

விட்டத்தையும் ஒவ்வொரு இழைக்கும் தனியாக அள. ஒரே கற்றையில் 10 மைக்ரான் இழையும் இருக்கும், அதைவிட நன்றாகத் தடித்ததும் இருக்கும். விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் வலிமையில் ஏறத்தாழ 20 சதவீதம் பிசகும். சராசரி விட்டத்தைப் போட்டு வகுப்பது சோம்பேறித்தனம். ஆய்வுக் கட்டுரைகளிலும் அது நடக்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது, உன் கையிலேயே நடப்பது. கற்றையிலிருந்து பிரிக்கும்போது சில இழைகள் அறும். காகிதச் சட்டத்தில் ஒட்டும்போது சில, சட்டத்தின் ஓரங்களை வெட்டும்போது சில. அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சியதை மட்டும் இழுத்துச் சராசரி எடுப்பார்கள். நலிந்ததெல்லாம் முன்பே கழிந்துவிட்டதே! வருகிற எண் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இழைகளைச் செராமிக்கில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருளுக்குள் போகும் கற்றையில் அந்த நலிந்த இழைகளும் சேர்ந்தேதான் போகின்றன. பிடிப்பின் ஓரத்தில் அறுந்ததைத் தனியே குறி. இழுப்பதற்கு முன் இழையில் கொஞ்சம் கிளிசரின் தடவு. அறும்போது சிதறும் துண்டுகள் அதில் நிற்கும், முறிந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். எந்தக் குறையிலிருந்து விரிசல் கிளம்பியது என்பது அங்கே தெரியும்.

அறை வெப்பநிலையில் வரும் எண்ணோடு நின்றுவிடாதே. ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்தில் யாஜிமா 1975இல் பாலிகார்போசிலேனை இழையாக நூற்றுச் சுட்டு, சிலிக்கான் கார்பைடு இழையைச் செய்து காட்டினார். அந்த வழியில் வந்த நிக்கலான் இழையைச் சுடுவதற்கு முன் காற்றில் பதப்படுத்தினார்கள். அதனால் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜன் உள்ளே தங்கியது. 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கார்பன் மோனாக்சைடாகவும் சிலிக்கான் மோனாக்சைடாகவும் வெளியேறும், இழைக்குள் இருக்கும் படிகத் துகள்கள் பருக்கும், வலிமை சரியும். பிறகு வந்த ஹை-நிக்கலானில் காற்றுக்குப் பதில் எலக்ட்ரான் கதிரால் பதப்படுத்தி ஆக்சிஜனை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அறை வெப்பநிலையில் இரண்டின் வலிமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உலையில் வைத்தால்தான் வேறுபாடு வெளிப்படும்.

இழைக்கும் சுற்றியுள்ள செராமிக்குக்கும் நடுவே பூசும் போரான் நைட்ரைடு பற்றியும் கேட்டிருந்தாய். அது தனிக் கடிதத்துக்கு உரியது. இப்போதைக்கு ஒன்று: பிணைப்பு அளவுக்கு மீறி இறுகினால் விரிசல் இழையைச் சுற்றிப் போகாமல் நேரே வெட்டிக்கொண்டு போகும். அப்போது எத்தனை கிகாபாஸ்கல் இழையானாலும் பயனில்லை.

அடுத்த முறை எனக்குச் சராசரியை அனுப்பாதே. ஒவ்வொரு இழையின் நீளம், விட்டம், அறுந்த இடம், இழுப்பதற்கு முன்பே அறுந்தவை எத்தனை என்று முழுப் பட்டியலையும் அனுப்பு. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.